ஜென்கின்ஸ் ஸ்கிரிப்டில் பிளகின் கிளாஸ்கள்: எந்த வழியை நம்பலாம்?

வெளியிலிருந்து கூப்பிட ஒரு ரெஸ்ட் ஏபிஐ, உள்ளே எழுத ஒரு யாமல் ஃபைல். பில்ட் சர்வர் (கோடை கம்பைல் செய்து, சோதிக்கும் வேலைகளைத் தானாக ஓட்டும் சர்வர்) என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான். ஜென்கின்ஸ் என்ற பில்ட் சர்வர் இதற்கு மேலும் ஒரு படி போகிறது. கன்ட்ரோலர் (ஜென்கின்ஸின் மைய சர்வர்) ஓடும் அதே ஜேவிஎம்முக்குள் (ஜாவா கோடை ஓட்டும் இயந்திரம்) உங்கள் க்ரூவி (ஜாவாவை ஒட்டிய ஸ்கிரிப்ட் மொழி) ஸ்கிரிப்டையும் ஓட விட்டு, கிட் பிளகினும் கிரெடென்ஷியல்ஸ் பிளகினும் தங்கள் வேலைக்கு வைத்திருக்கும் ஜாவா ஆப்ஜெக்டுகளையே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. சில நூறு ஜாப்களின் கிட் முகவரியை ஒரே மூச்சில் மாற்ற வேண்டியவர்களுக்கு இது பெரிய வரம்.

ஆனால் வசதி ஒரே இடத்தில் இல்லை. ஸ்கிரிப்ட் கன்சோல், ஸ்டார்ட்-அப் ஸ்கிரிப்ட், சிஸ்டம் க்ரூவி ஸ்டெப், பைப்லைன் (பில்டின் படிகளை ஸ்கிரிப்டாக எழுதும் முறை) என நான்கு இடங்களில் பரவிக் கிடக்கிறது. நான்கிலும் எழுதுவது ஒரே மொழிதான், நடத்தை வேறு. கன்சோலில் அழகாக ஓடிய வரி பைப்லைனில் அனுமதி இல்லை என்று விழும், ஸ்டார்ட்-அப்பில் சர்வரையே எழவிடாமல் செய்யும். இந்த நான்கையும் பிளகின் கிளாஸ்களைத் தொடும் வசதி என்ற ஒரே அளவுகோலால் இங்கே மதிப்பிடுகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: கன்சோல் அருமை, ஸ்டார்ட்-அப் ஸ்கிரிப்ட் நிதானமாக எழுதினால் நன்று, சிஸ்டம் க்ரூவி இன்று புதிதாகத் தொடங்குபவருக்குத் தேவையில்லை. பைப்லைனில் இந்த ஆசையை முடிந்தவரை விட்டுவிடுவதே நல்லது. விட முடியாத இடத்துக்கு நம்பிக்கைக்குரிய ஷேர்டு லைப்ரரி (பல பைப்லைன்கள் பகிர்ந்துகொள்ளும் கோட்) இருக்கிறது.

அடியில் நடப்பது

சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த கோசுகே கவாகுச்சி 2004-ல் ஹட்சன் என்ற பெயரில் தொடங்கியது இது. ஆரக்கிளோடு பெயர்த் தகராறு வந்தபின் 2011-ல் ஜென்கின்ஸ் ஆனது. பழைய பெயர் இன்னும் பேக்கேஜ்களில் 'ஹட்சன்.' என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் வரும் ஒரு குழப்பத்தைப் பின்னர் பார்ப்போம்.

ஒவ்வொரு பிளகினும் ஹெச்பிஐ அல்லது ஜேபிஐ ஃபைலாக ஜென்கின்ஸ் ஹோமில் 'பிளகின்ஸ்' ஃபோல்டரில் இருக்கும். சர்வர் எழும்போது ஒவ்வொன்றுக்கும் தனி கிளாஸ்லோடர் (கிளாஸ்களைத் தேடி மெமரியில் ஏற்றும் பகுதி) போடப்படுகிறது. ஒரு பிளகினின் லோடருக்குத் தெரிவது மூன்று: ஜென்கின்ஸ் கோர் (பிளகின்கள் சேராத அடிப்படைப் பகுதி), தன் சொந்த ஜார்கள், தான் சார்ந்திருப்பதாக மேனிஃபெஸ்டில் எழுதிவைத்திருக்கும் மற்ற பிளகின்கள். மற்றபடி அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றே அதற்குத் தெரியாது. இரண்டு பிளகின்கள் ஒரே லைப்ரரியின் இரண்டு வெர்ஷனை வைத்துக்கொண்டு சண்டையில்லாமல் வாழ முடிவது இந்தப் பிரிவினையால்தான்.

ஸ்கிரிப்டுக்கு இந்தப் பிரிவினை இடைஞ்சல். அதற்காகவே பிளகின் மேனேஜரில் 'ஊபர்கிளாஸ்லோடர்' என்று ஒன்று உண்டு. ஒரு கிளாஸைக் கேட்டால், இயங்கிக்கொண்டிருக்கும் பிளகின்களை வரிசையாக விசாரித்து, முதலில் யாரிடம் கிடைக்கிறதோ அதைத் தரும். ஸ்கிரிப்டில் 'ஜென்கின்ஸ்.இன்ஸ்டன்ஸ்.பிளகின்மேனேஜர்.ஊபர்கிளாஸ்லோடர்' என்று எழுதினால் அது கைக்கு வந்துவிடும். நான்கு வழிகளிலும் பிளகின் கிளாஸ் தெரிவது இந்த ஒருவரால்தான். அதில் 'முதலில் கிடைப்பது' என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கிரிப்ட் கன்சோல்

'மேனேஜ் ஜென்கின்ஸ்' பக்கத்தில் இருக்கிறது. முகவரியின் கடைசியில் '/ஸ்கிரிப்ட்' என்று போட்டாலும் வரும். ஓவரால் அட்மினிஸ்டர் அனுமதி உள்ளவருக்கு மட்டுமே திறக்கும். எல்லா பிளகின்களின் எல்லா கிளாஸ்களும் தெரியும். 'ஜென்கின்ஸ்', 'ஜென்கின்ஸ்.மாடல்', 'ஹட்சன்', 'ஹட்சன்.மாடல்' ஆகிய நான்கு பேக்கேஜ்கள் முன்கூட்டியே இம்போர்ட் ஆகியிருக்கும். சாண்ட்பாக்ஸ் (அனுமதித்ததை மட்டும் ஓடவிடும் வேலி) கிடையாது, அட்மின் அப்ரூவல் கிடையாது, எழுதியது உடனே ஓடும்.

பலர் இங்கே வந்ததும் பக்கம் நிறைய இம்போர்ட் எழுதத் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் அது தேவையே இல்லை. க்ரூவி டைனமிக் மொழி. ஆப்ஜெக்ட் கையில் இருந்தால் போதும், அதன் கிளாஸ் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ரீஸ்டைல் ஜாபில் (ஸ்கிரிப்ட் இல்லாமல் திரையில் அமைக்கும் பழைய வகை) 'ஜாப்.எஸ்சிஎம்' என்று கேட்டால் கிட் பிளகினின் ஆப்ஜெக்ட் வந்து நிற்கும். அதில் 'யூசர்ரிமோட்கான்ஃபிக்ஸ்' என்று கேட்டால் முகவரிகளின் லிஸ்ட். கிட் இம்போர்ட் ஒன்றுகூட வேண்டாம். கிட்தானா சப்வெர்ஷனா என்று பிரித்துப் பார்க்கவும் 'ஜாப்.எஸ்சிஎம்.கிளாஸ்.சிம்பிள்நேம்' என்பதை ஒரு சரத்தோடு (ஸ்டிரிங்) ஒப்பிட்டால் போதும். பைப்லைன் ஜாபில் அதே விஷயம் ஒரு படி உள்ளே, 'ஜாப்.டெஃபினிஷன்.எஸ்சிஎம்' என்று இருக்கும். ஜென்கின்ஸ்ஃபைலை (பைப்லைன் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபைல்) ரெப்போவிலிருந்து எடுக்காமல் ஜாபுக்குள்ளேயே எழுதிவைத்த பைப்லைனில் அந்த ப்ராப்பர்ட்டியே இருக்காது. மிஸ்ஸிங் ப்ராப்பர்ட்டி என்று எரர் வந்தால் காரணம் இதுதான்.

புதிதாக ஒரு ஆப்ஜெக்டை உருவாக்கும்போதுதான் கிளாஸின் பெயர் தேவைப்படும். கிட் முகவரியை மாற்ற 'யூசர்ரிமோட்கான்ஃபிக்' ஒன்று புதிதாக வேண்டும். அதன் கன்ஸ்ட்ரக்டர் நான்கு சரங்களைக் கேட்கும்: முகவரி, ரிமோட் பெயர், ரெஃப்ஸ்பெக், கிரெடென்ஷியல் ஐடி. நடு இரண்டையும் நல் (null, மதிப்பு எதுவும் இல்லை) என்று விட்டுவிடலாம். மாற்றிய பிறகு 'ஜாப்.சேவ்()' கூப்பிட மறக்கக் கூடாது. கூப்பிடாவிட்டால் மாற்றம் மெமரியில் மட்டும் இருக்கும். திரையில் சரியாகத் தெரியும், அடுத்த ரீஸ்டார்ட்டில் பழையபடி ஆகிவிடும். மல்டிபிராஞ்ச் ஜாபின் (ஒவ்வொரு கிட் பிராஞ்சுக்கும் ஒரு ஜாபை உருவாக்குவது) உள்ளே இருக்கும் பிள்ளை ஜாப்களை இப்படி மாற்றுவதில் பயனில்லை. அடுத்த ஸ்கேன் அவற்றைப் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடும். தாய் ஜாபின் சோர்ஸைத்தான் மாற்ற வேண்டும்.

செட்டிங் மாற்றவும் இதே எளிமை உண்டு. 'ஜென்கின்ஸ்.இன்ஸ்டன்ஸ்.கெட்டிஸ்கிரிப்டர்' என்ற மெத்தட் சரத்தை வாங்கிக்கொள்ளும். 'ஹட்சன்.டாஸ்க்ஸ்.மெயிலர்' என்ற சரத்தைக் கொடுத்தால் மெயிலர் பிளகினின் செட்டிங் ஆப்ஜெக்ட் வரும். 'செட்எஸ்எம்டிபிஹோஸ்ட்' கூப்பிட்டு, பிறகு 'சேவ்()'. பிளகின் இல்லையென்றால் நல் வரும், அவ்வளவுதான். 'கெட்எக்ஸ்டென்ஷன்லிஸ்ட்' என்ற மெத்தடும் இப்படியே சரத்தை வாங்கி, உள்ளுக்குள் ஊபர்கிளாஸ்லோடரைக் கேட்டுத் தேடித் தரும். கிளாஸ் கிடைக்காவிட்டால் நல்லுக்குப் பதில் கிளாஸ்நாட்ஃபவுண்ட் எக்ஸப்ஷன் எறியும். இந்த இரண்டு மெத்தட்களைத் தெரிந்துகொண்டால் இம்போர்ட் தொல்லையில் பாதி தீர்ந்தது.

வெளி மெஷினிலிருந்து ஓட்ட வேண்டுமானால் '/ஸ்கிரிப்ட்டெக்ஸ்ட்' முகவரிக்குக் கர்ல் கொண்டு போஸ்ட் அனுப்பலாம். ஸ்கிரிப்டை 'ஸ்கிரிப்ட்' என்ற பாராமீட்டரில் யூஆர்எல்-என்கோட் செய்து வைக்க வேண்டும். பாஸ்வேர்டுக்குப் பதில் ஏபிஐ டோக்கன் கொடுத்தால் க்ரம்ப் (போலி ரிக்வெஸ்டுகளைத் தடுக்கும் டோக்கன்) தனியாக வாங்கத் தேவையில்லை, 2.96 வெர்ஷனிலிருந்து இந்தச் சலுகை உண்டு.

குறைகளும் உண்டு. பெரிய ஜாபில் 'பில்ட்ஸ்' என்று முழு லிஸ்டையும் சுற்றினால் ஒவ்வொரு பில்டின் எக்ஸ்எம்எல் ஃபைலையும் டிஸ்கிலிருந்து இழுத்து மெமரியில் ஏற்றும். பழைய சர்வரில் கன்ட்ரோலரே திணறும். 'லாஸ்ட்பில்ட்' போதுமா என்று பாருங்கள், போதாதென்றால் 'பில்ட்ஸ்.லிமிட்(10)' என்று வரம்பு போடுங்கள்.

இன்னொன்று, ஏஜென்டுக்கென்று (பில்டுகளை ஓட்டும் துணை மெஷின்) தனி கன்சோல் உண்டு. அது ஏஜென்டின் ஜேவிஎம்மில் ஓடுவது. அங்கே ஜென்கின்ஸ் ஆப்ஜெக்டே கிடையாது. பிளகினைத் தேடி அங்கே போய் நல் பாயிண்டர் எரரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பேக்கேஜ் பெயரை நம்பாதீர்கள்

'ஹட்சன்.' என்று தொடங்கினால் அது கோர் என்று எண்ணுவதுதான் நாம் பார்க்கும் எரர்களில் பாதிக்குக் காரணம். ஜென்கின்ஸ் வளர வளர கோரில் இருந்த பல துண்டுகள் தனி பிளகின்களாகப் பிரிக்கப்பட்டன. பிரித்தவர்கள் பேக்கேஜ் பெயரை மாற்றவில்லை, பழைய ஜாப்களின் கான்ஃபிக் கெடக்கூடாது என்பதால். எனவே 'ஹட்சன்.டாஸ்க்ஸ்.மெயிலர்' இருப்பது மெயிலர் பிளகினில். 'ஹட்சன்.டாஸ்க்ஸ்.ஜேயூனிட்' பேக்கேஜ் முழுவதும் ஜேயூனிட் பிளகினில். 'ஹட்சன்.செக்யூரிட்டி.குளோபல்மேட்ரிக்ஸ்ஆத்தரைசேஷன்ஸ்ட்ராட்டஜி' பார்க்க அக்மார்க் கோர் கிளாஸ் மாதிரி இருக்கும், உண்மையில் மேட்ரிக்ஸ்-ஆத் பிளகினுடையது. 'ஹட்சன்.எஸ்சிஎம்.சப்வெர்ஷன்எஸ்சிஎம்', 'ஹட்சன்.மேட்ரிக்ஸ்.மேட்ரிக்ஸ்ப்ராஜெக்ட்' கதையும் இதுவே. டாக்கரில் வெறும் ஜென்கின்ஸ் இமேஜை எழுப்பி, பழைய சர்வரில் ஓடிய ஸ்கிரிப்டை அப்படியே போட்டால் 'அனேபிள் டு ரிசால்வ் கிளாஸ்' என்று விழுவது இதனால்தான்.

எதிர்ப்பக்கக் குழப்பமும் இருக்கிறது: திரையில் தெரியும் பெயருக்கும், கிளாஸ், பிளகின் குறும்பெயர் (ஐடி) இவற்றுக்கும் சம்பந்தம் இருக்காது. பைப்லைன் ஜாபின் கிளாஸ் 'வொர்க்ஃப்ளோஜாப்', பிளகினின் குறும்பெயர் 'வொர்க்ஃப்ளோ-ஜாப்'. திரையில் நாம் காண்பதோ பைப்லைன்.

சந்தேகம் வந்தால் ஊகிக்க வேண்டாம், சர்வரையே கேளுங்கள். ஆப்ஜெக்ட் கையில் இருந்தால் 'ஜென்கின்ஸ்.இன்ஸ்டன்ஸ்.பிளகின்மேனேஜர்.விச்பிளகின்(ஆப்ஜெக்ட்.கிளாஸ்)' என்ற ஒரு வரி அது எந்த பிளகினிலிருந்து வந்தது என்று சொல்லிவிடும். கோரிலிருந்து வந்ததென்றால் நல். கன்சோலில் வைத்திருக்க வேண்டிய முதல் வரி இது.

சரத்தால் லோட் செய்யும்போது வரும் மூன்று சிக்கல்கள்

இம்போர்ட் செய்யாமல் பெயரைச் சரமாகக் கொடுத்து கிளாஸை எடுக்கும் முறை பல இடங்களில் தேவைப்படும். அதில் முதல் சிக்கல் 'கிளாஸ்.ஃபார்நேம்' என்பதை ஒற்றைச் சரத்தோடு கூப்பிடுவது. ஜாவாவில் அது கூப்பிட்டவரின் லோடரைப் பார்க்கும். க்ரூவியில் கூப்பிட்டவராக ஜாவாவுக்குத் தெரிவது பெரும்பாலும் க்ரூவியின் உள் கிளாஸ். அது கோரில் இருப்பதால் பிளகின் கிளாஸ் அதற்குத் தெரியாது. இம்போர்ட் எழுதினால் கிடைக்கும் அதே கிளாஸ் இங்கே இல்லை என்று வரும். ஊபர்கிளாஸ்லோடரிடம் 'லோட்கிளாஸ்' கேளுங்கள், அல்லது ஃபார்நேமின் மூன்று ஆர்க்யுமென்ட் வடிவத்தில் லோடரை மூன்றாவதாகக் கொடுங்கள். கிளாஸ் கிடைத்ததும் 'நியூஇன்ஸ்டன்ஸ்' என்று ஆர்க்யுமென்ட்களைக் கொடுத்தால் க்ரூவியே பொருத்தமான கன்ஸ்ட்ரக்டரைத் தேடிக்கொள்ளும்.

இரண்டாவது, உள் கிளாஸ்கள். இம்போர்ட்டில் 'கிட்எஸ்சிஎம்.டிஸ்கிரிப்டர்இம்ப்ள்' என்று புள்ளி வைத்து எழுதலாம். லோட்கிளாஸுக்கு நடுவில் $ குறி வேண்டும். க்ரூவியில் இரட்டை மேற்கோளுக்குள் $ வந்தால் அதை வேரியபிள் என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒற்றை மேற்கோள்தான்.

மூன்றாவதுதான் கண்டுபிடிக்கக் கடினமானது. பிளகின் கிளாஸ் அல்லாமல், பிளகினுக்குள் பொதிந்திருக்கும் ஒரு பொது லைப்ரரியின் கிளாஸைக் கேட்டால், அதே பெயரில் பல பிளகின்களில் இருக்கக்கூடும். ஊபர்கிளாஸ்லோடர் முதலில் கிடைப்பதைத் தரும் என்று பார்த்தோம். டெஸ்ட் சர்வரில் ஒரு வெர்ஷன் வரும். புரொடக்‌ஷனில் பிளகின்களின் பட்டியல் வேறு என்பதால் வேறு வெர்ஷன் வரும், ஸ்கிரிப்ட் 'நோ சச் மெத்தட்' என்று நிற்கும். அப்போது ஊரையே கேட்காமல் அந்த பிளகினின் லோடரை மட்டும் கேட்க வேண்டும்: 'பிளகின்மேனேஜர்.கெட்பிளகின்(குறும்பெயர்).கிளாஸ்லோடர்'.

பிளகினின் ஜாரை க்ரூவியின் கிளாஸ்பாத்தில் தனியாகச் சேர்த்து இதைத் தீர்க்கப் பார்க்கிறார்கள் சிலர். தயவுசெய்து வேண்டாம். ஒரே பெயருள்ள கிளாஸ் இரண்டு லோடர்கள் வழியாக வந்தால் ஜேவிஎம்முக்கு அவை இரண்டு வெவ்வேறு டைப்புகள். 'கிட்எஸ்சிஎம்மை கிட்எஸ்சிஎம்மாக மாற்ற முடியாது' என்ற பொருளில், படிப்பவரைக் கிறுகிறுக்க வைக்கும் ஒரு காஸ்ட் எரர் வரும். அதைக் கண்டால் முதலில் லோடர்களைச் சோதியுங்கள்.

ஸ்டார்ட்-அப் ஸ்கிரிப்ட்

ஜென்கின்ஸ் ஹோமில் 'இனிட்.க்ரூவி.டி' ஃபோல்டரில் போடும் ஸ்கிரிப்ட்கள், சர்வர் எழும்போது பெயரின் அகரவரிசைப்படி ஓடும். பெயருக்கு முன் 10, 20, 30 என்று எண் போடும் வழக்கம் அதனால் வந்தது. பிளகின்களும் ஜாப்களும் லோட் ஆன பிறகுதான் இவை ஓடுகின்றன என்பதால் பிளகின் கிளாஸ்கள் தாராளமாகத் தெரியும். கன்சோலில் சோதித்ததை இங்கே கொண்டுவரும்போது, முன்கூட்டிய இம்போர்ட் நான்கும் இங்கே இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்து, 'ஜென்கின்ஸ்.மாடல்.ஜென்கின்ஸ்' என்பதை நீங்களே இம்போர்ட் செய்ய வேண்டும்.

இங்கே ஆபத்து வேறு. பிடிபடாத எக்ஸப்ஷன் ஒன்று ஸ்கிரிப்டிலிருந்து வெளியேறினால் ஜென்கின்ஸ் எழாது. ஒரு பிளகினை யாரோ டிசேபிள் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்திருப்பார். அந்த பிளகினை இம்போர்ட் செய்யும் ஒரு ஸ்கிரிப்ட் போதும், மொத்த சர்வரும் எரர் பக்கத்தோடு நிற்கும். டிரை-கேட்ச் போட்டால் தப்பலாம் என்று தோன்றும். தப்ப முடியாது. இம்போர்ட் சரிபார்க்கப்படுவது கம்பைல் ஆகும்போது. அந்த நேரத்தில் உங்கள் டிரை இன்னும் ஓடவே தொடங்கவில்லை. இஃப் போட்டாலும் அதே கதைதான்.

சரியான முறை: பிளகின் மேனேஜரிடம் குறும்பெயரைக் கொடுத்து பிளகின் இருக்கிறதா, 'இஸ்ஆக்டிவ்()' உண்மையா என்று முதலில் பாருங்கள். உண்மையென்றால் மட்டும் சரத்தால் கிளாஸை லோட் செய்யுங்கள். இல்லையென்றால் லாகில் ஒரு வரி எழுதிவிட்டு அமைதியாக வெளியேறுங்கள். ஸ்டார்ட்-அப் ஸ்கிரிப்டில் பிளகின் இம்போர்ட்டே கூடாது என்று டீமில் ஒரு விதி வைத்துக்கொள்வது நல்லது. ஏற்கெனவே எழாமல் நிற்கும் சர்வரை எழுப்ப, அந்த ஃபைலை ஃபோல்டரிலிருந்து வெளியே நகர்த்திவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

வெறும் செட்டிங்குகளை நிரப்புவதற்காக மட்டும் இதைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், கான்ஃபிகரேஷன் ஆஸ் கோட் பிளகின் அதை யாமலில் செய்துவிடும். கிளாஸ்லோடர் என்ற சொல்லையே நீங்கள் கேட்க வேண்டியிருக்காது.

சிஸ்டம் க்ரூவி ஸ்டெப்

க்ரூவி பிளகின் ஃப்ரீஸ்டைல் ஜாபுக்கு இரண்டு ஸ்டெப்கள் தருகிறது. 'எக்ஸிக்யூட் க்ரூவி ஸ்கிரிப்ட்' தனி ஜேவிஎம்மை எழுப்பி ஏஜென்டில் ஓடும். அதற்கு ஜென்கின்ஸ் என்றால் என்னவென்றே தெரியாது. 'எக்ஸிக்யூட் சிஸ்டம் க்ரூவி ஸ்கிரிப்ட்' கன்ட்ரோலருக்குள் ஓடும். பிளகின் கிளாஸ் தெரிவது இதில் மட்டும். 'பில்ட்', 'லாஞ்சர்', 'லிசனர்', 'அவுட்' என்ற நான்கும் தயாராகக் கிடைக்கும். முதல் ஸ்டெப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு கிளாஸ் கிடைக்கவில்லை என்று தவிப்பவர்கள் ஏராளம். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம், அதை இன்னும் தெளிவாக வைத்திருக்கலாம். ஃப்ரீஸ்டைலையே நம்பியிருக்கும் பழைய சர்வர்களுக்கு மட்டும் பரிந்துரைக்கிறோம்.

பைப்லைன்

இங்கேதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பைப்லைன் ஸ்கிரிப்டுக்கும் பிளகின் கிளாஸ்கள் தெரியும், இம்போர்ட்டும் கம்பைல் ஆகும். தடை வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது: ஸ்கிரிப்ட் செக்யூரிட்டியின் சாண்ட்பாக்ஸ், பைப்லைன் தன் நிலையை டிஸ்கில் எழுதிவைக்கும் முறை.

சாண்ட்பாக்ஸில் வெள்ளைப் பட்டியலில் இருக்கும் மெத்தட்கள் மட்டுமே ஓடும். 'ஜென்கின்ஸ்.இன்ஸ்டன்ஸ்' என்று எழுதியவுடன் அந்த ஸ்டாட்டிக் மெத்தடுக்கு அனுமதி இல்லை என்று பில்ட் நிற்கும்; கூடவே அட்மின் அப்ரூவ் செய்யலாம் என்ற குறிப்பும் வரும். 'இன்-பிராசஸ் ஸ்கிரிப்ட் அப்ரூவல்' பக்கத்தில் ஒரு கிளிக்கில் வேலை முடிந்துவிடும் என்பதுதான் அபாயம். அந்த அனுமதி உங்கள் ஒரு ஜாபுக்கு மட்டும் போவதில்லை. சாண்ட்பாக்ஸில் ஓடும் எல்லா ஸ்கிரிப்டுகளுக்கும் சேர்த்துப் போகிறது. ஜென்கின்ஸ் ஆப்ஜெக்டிலிருந்து கிரெடென்ஷியல்ஸ் வரை ஒவ்வொன்றாக நடந்து போக வழி இருக்கிறது. ஜென்கின்ஸ்ஃபைலை எடிட் செய்ய முடிந்த ஒவ்வொருவரையும் அட்மின் ஆக்கும் பாதையில் முதல் கதவைத் திறப்பதற்குச் சமம் இது. இந்த சிக்னேச்சரை ஒருபோதும் அப்ரூவ் செய்யாதீர்கள். சாண்ட்பாக்ஸ் அசைக்க முடியாத கோட்டையும் அல்ல. கம்பைல் நேரத்திலேயே கோடை ஓட்டிச் சாண்ட்பாக்ஸைத் தாண்டும் ஓட்டை ஒன்று 2019 ஜனவரியில் அறிவிக்கப்பட்டுச் சரிசெய்யப்பட்டது. ஸ்கிரிப்ட் செக்யூரிட்டி, பைப்லைன் க்ரூவி பிளகின்களுக்கு அப்டேட் வந்தால் தள்ளிப்போடக் கூடாது.

பெரும்பாலான நேரங்களில் கிளாஸைத் தொடவே தேவையில்லை என்பதுதான் நற்செய்தி. பில்டை யார் தொடங்கினார் என்று அறிய 'கரன்ட்பில்ட்.ராபில்ட்' எடுத்து காஸ் கிளாஸை இம்போர்ட் செய்யும் பழைய உதாரணங்கள் இணையம் முழுக்க இருக்கின்றன. இப்போது 'கரன்ட்பில்ட்.கெட்பில்ட்காஸஸ்()' சாண்ட்பாக்ஸிலேயே ஓடும். டெஸ்ட் எண்ணிக்கைக்காக 'அப்ஸ்ட்ராக்ட்டெஸ்ட்ரிசல்ட்ஆக்‌ஷன்' கிளாஸைத் தேடிப் போகிறார்கள். 'ஜேயூனிட்' ஸ்டெப் திருப்பித் தரும் ஆப்ஜெக்டிலேயே 'டோட்டல்கவுன்ட்', 'ஃபெயில்கவுன்ட்', 'ஸ்கிப்கவுன்ட்', 'பாஸ்கவுன்ட்' நான்கும் இருக்கின்றன. தனி ஸ்டெப் இல்லாத பிளகினுக்கு 'ஸ்டெப்' என்ற பொது ஸ்டெப்பில் '$கிளாஸ்' சாவிக்கு கிளாஸின் பெயரைக் கொடுத்தால் ஜென்கின்ஸே அந்த ஆப்ஜெக்டை உருவாக்கிக்கொள்ளும். 'செக்அவுட்' ஸ்டெப்பில் 'கிட்எஸ்சிஎம்' என்று பெயர் கொடுப்பது இதே முறைதான். எழுத்துப் பிழை வராமலிருக்க ஸ்னிப்பெட் ஜெனரேட்டரில் உருவாக்கி எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியும் தேவைப்பட்டால் குளோபல் டிரஸ்டட் லைப்ரரி. 'மேனேஜ் ஜென்கின்ஸ்', 'சிஸ்டம்' பக்கத்தில் சேர்க்கும் இந்த லைப்ரரியின் கோட் சாண்ட்பாக்ஸுக்கு வெளியே ஓடும். அப்ரூவல் எதுவும் கேட்காது. ஃபோல்டர் அளவில் சேர்த்த லைப்ரரிக்கு இந்தச் சலுகை கிடையாது. 'வார்ஸ்' ஃபோல்டரில் ஒரு ஃபைல், அதற்குள் 'கால்' என்ற மெத்தட். ஜென்கின்ஸ்ஃபைல் எழுதுபவர் அந்த ஃபைலின் பெயரைச் சாதாரண ஸ்டெப் போலக் கூப்பிடுவார். விலை ஒன்று உண்டு: அந்த ரெப்போவுக்கு புஷ் செய்ய முடிந்தவர் யாரானாலும் சர்வரில் எதையும் செய்யலாம். எனவே ரிவ்யூ இல்லாமல் மெயின் பிராஞ்சுக்குள் ஒரு வரியும் போகக் கூடாது. எழுதும் ஒவ்வொரு மெத்தடும் குறுகிய ஒரே வேலையைச் செய்யட்டும். 'ஜென்கின்ஸ் ஆப்ஜெக்டைத் திருப்பித் தரும்' உதவி மெத்தட் ஒன்றை எழுதினால், சாண்ட்பாக்ஸில் போட்ட பூட்டின் சாவியை நாமே வெளியே கொடுத்தது போலாகும்.

இனி இரண்டாவது தடை. சர்வர் ரீஸ்டார்ட் ஆனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்காக, பைப்லைன் தன் லோக்கல் வேரியபிள்களை எல்லாம் சீரியலைஸ் செய்து (ஃபைலில் எழுதக்கூடிய வடிவுக்கு மாற்றி) 'ப்ரோக்ராம்.டேட்' என்ற ஃபைலில் எழுதுகிறது. பிளகின்களின் பல ஆப்ஜெக்டுகள் சீரியலைஸ் ஆகாதவை. அப்படி ஒன்றை வேரியபிளில் வைத்துக்கொண்டு 'எஸ்ஹெச்' போன்ற ஒரு ஸ்டெப்பைக் கூப்பிட்டால் 'நாட் சீரியலைசபிள்' எரர். எரர் காட்டுவது ஸ்டெப்பின் வரியை. குற்றவாளி இருப்பது அதற்கு மேலே எங்கோ ஒரு 'டெஃப்' வரியில்.

தீர்வு: பிளகின் ஆப்ஜெக்டோடு பேசும் வரிகளை எல்லாம் ஒரு தனி மெத்தடில் வைத்து, தலையில் '@நான்சிபிஎஸ்' போடுங்கள் (சிபிஎஸ் என்பது பைப்லைனை நிறுத்தித் தொடர வைக்கும் முறை). அது ஒரே மூச்சில் ஓடி முடியும், நடுவில் எதுவும் டிஸ்குக்குப் போகாது. இரண்டு நிபந்தனைகள். உள்ளே பைப்லைன் ஸ்டெப் எதையும் கூப்பிடக் கூடாது; கூப்பிட்டால் மீதி வரிகள் ஓடாமலே மெத்தட் திரும்பிவிடலாம், லாகில் சிபிஎஸ் மிஸ்மேட்ச் எச்சரிக்கை ஒன்று மட்டும் நிற்கும். திருப்பித் தருவது சரம், எண், அல்லது அவற்றின் லிஸ்டாக இருக்க வேண்டும். பிளகின் ஆப்ஜெக்டையே திருப்பித் தந்தால் பழைய எரர் அப்படியே வரும்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் களைய வேண்டும். 'நோட்' பிளாக்குக்குள் எழுதினாலும் க்ரூவி ஓடுவது கன்ட்ரோலரில்தான். ஏஜென்டுக்குப் போவது 'எஸ்ஹெச்' போன்ற ஸ்டெப்கள் மட்டும். அங்கே 'நியூ ஃபைல்' என்று எழுதினால் திறப்பது கன்ட்ரோலரின் டிஸ்க்.

அப்கிரேடுக்கு முன்

கோரில் இருக்கும் க்ரூவி இன்னும் 2.4 வரிசைதான். புதிய க்ரூவியைப் பழகியவர்கள் '!இன்', '!இன்ஸ்டன்ஸ்ஆஃப்', ஜாவா பாணி லாம்ப்டா, ரிசோர்ஸுடன் கூடிய டிரை இவற்றை எழுதினால் கம்பைல் ஆகாது. இவை 3.0-ல்தான் வந்தன. இத்தனை ஆண்டுகளாக இதை நகர்த்தாமல் வைத்திருப்பது இந்த வசதியின் மீது நாம் வைக்கும் உண்மையான புகார்.

க்ரூவி 2.4 'பிரைவேட்' என்பதையும் மதிப்பதில்லை. பிளகின் ஆசிரியர் உள்ளே மறைத்துவைத்த ஃபீல்டையும் ஸ்கிரிப்டால் தொட முடியும். வெளியார் பயன்படுத்தக் கூடாது என்று ஆசிரியர் போடும் ரெஸ்ட்ரிக்டட் குறியும் மேவன் பில்டில்தான் தடுக்கும், ஸ்கிரிப்ட் ஓடும்போது தடுக்காது. இன்று வேலை செய்கிறது என்பதற்காக அவற்றைத் தொடாதீர்கள். அவற்றை அடுத்த வெர்ஷனில் தூக்கிவிட ஆசிரியருக்கு முழு உரிமை உண்டு, சேஞ்ச்லாகில் ஒரு வரிகூட வராது. ஜாவாடாக் தளத்தில் ஒவ்வொரு பிளகினுக்கும் தனிப் பக்கம் இருக்கிறது. பப்ளிக் மெத்தட், டெப்ரிகேட்டட் குறி இல்லாதது என்று பார்த்து எடுங்கள்.

கோரின் பக்கம் கவனிக்க வேண்டிய வெர்ஷன்கள் சில. 2.266-ல் ஏசிஜி செக்யூரிட்டி என்ற பாதுகாப்பு லைப்ரரி போய் ஸ்பிரிங் செக்யூரிட்டி வந்தது. பழைய பெயருக்கு ஒட்டுப்போட்டு வைத்திருக்கிறார்கள் என்றாலும், புதிதாக எழுதும் ஸ்கிரிப்டில் 'ஆர்க்.ஏசிஜிசெக்யூரிட்டி' வேண்டாம். 2.361.1 எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) வெர்ஷனிலிருந்து ஜாவா 11, 2.479.1-லிருந்து ஜாவா 17 கட்டாயம். அதே 2.479.1-ல் சர்வ்லெட் பேக்கேஜ் 'ஜாவாக்ஸ்'-இலிருந்து 'ஜகார்த்தா'வுக்கு மாறியது. ஸ்கிரிப்டில் ரிக்வெஸ்ட், ஃபில்டர் எதையாவது தொட்டிருந்தால் அது உடையும் இடம் இதுதான்.

அப்கிரேட் செய்யும் முன் ஜென்கின்ஸ் ஹோமின் நகல் ஒன்றைத் தனி மெஷினில், வெளி நெட்வொர்க் இல்லாமல் எழுப்புங்கள். நெட்வொர்க்கை வெட்டாவிட்டால் டைமர் வைத்த ஜாப்கள் அங்கிருந்தும் டெப்ளாய் செய்யத் தொடங்கும். ஸ்டார்ட்-அப் ஸ்கிரிப்ட்கள் தாமாகவே ஓடிக் காட்டும். கன்சோல் ஸ்கிரிப்ட்களை ஒரு கிட் ரெப்போவில் வைத்திருந்தால், அவை லோட் செய்யும் கிளாஸ் பெயர்களை மட்டும் ஒரு லிஸ்டாக எடுத்து, நகல் சர்வரில் ஊபர்கிளாஸ்லோடரிடம் ஒவ்வொன்றாக லோட்கிளாஸ் கேட்கும் பத்து வரி ஸ்கிரிப்ட் ஒன்று எழுதுங்கள். கிளாஸ்நாட்ஃபவுண்ட் வந்த பெயர்களை அச்சிட்டால், எந்த ஸ்கிரிப்டைத் திருத்த வேண்டும் என்பது புரொடக்‌ஷனைத் தொடும் முன்பே கையில் இருக்கும்.